போன காமிரா திரும்பி வருமா?

அந்தப் புறாவைக் காணோம்.

ஜெர்மனி நாட்டில், பிராங்பர்ட் நகருக்குப் பக்கத்தில், குரோன்பெர்க் என்று ஓர் ஊர். அங்கே ஜூலியஸ் நொய்புரோனர் என்று ஒரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர் புறா வளர்த்தார். பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல, தொழிலுக்காகவும்தான். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டைப் புறா கொண்டுவரும். அவசர மருந்து என்றால், அதையும் புறாவே சுமந்துகொண்டு போகும்.

ஒரு நாள் ஒரு புறா மூடுபனியில் மாட்டிக்கொண்டது. வீடு திரும்பவில்லை. செத்துப் போயிருக்கும் என்று நினைத்தார்கள். 4 வாரம் கழித்து அது வந்து சேர்ந்தது. இளைத்துப் போய் அல்ல, நன்றாகக் கொழுத்து!

இத்தனை நாளும் அது எங்கே இருந்தது? யார் தீனி போட்டார்கள்?

மருந்துக் கடைக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. “புறாவின் மார்பில் ஒரு காமிராவைக் கட்டிவிட்டால் என்ன? போகிற வழியை எல்லாம் அதுவே படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுமே!” என்று யோசித்தார். யோசித்ததோடு நிற்கவில்லை. 75 கிராம் எடைக்குள் ஒரு குட்டிக் காமிரா செய்தார். குறித்த நேரம் ஆனதும் அது தானாகவே படம் எடுக்கும். 1907-ம் ஆண்டில் இதற்கு உரிமை கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினார். “புறா இவ்வளவு சுமை தூக்காது” என்று அதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். புறா எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். 1908 டிசம்பரில் உரிமை கிடைத்தது.

அடுத்த ஆண்டு கண்காட்சிகளில் கூட்டம் அலை மோதியது. புறா வந்து இறங்கும். காமிராவைக் கழற்றுவார்கள். அங்கேயே படத்தைக் கழுவி, தபால் அட்டையாக விற்பார்கள்.

இது நடந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று கலியாண வீட்டுப் பந்தலுக்கு மேலே “உய்ங்” என்று ஓர் எந்திரம் பறக்கிறது. சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டுக் குழந்தைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். “ஹெலிகேம்” என்கிறார்கள் சிலர். “டிரோன்” என்கிறார்கள் சிலர். புறா செய்த வேலையைத்தான் அது செய்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். நொய்புரோனர் தமது புறாவை 100 கிலோ மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டாலும் அது கூட்டுக்கு வந்துவிடும். புறாவுக்கு வீடு தெரியும்.

எந்திரத்துக்கு?

டிரோன் வாங்குகிறவர்கள் படம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். எவ்வளவு தூரம் போகும் என்று கேட்கிறார்கள். எப்படித் திரும்பி வரும் என்று கேட்பவர்கள் குறைவு. போனது போனதுதான் என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களும் அவர்கள்தான்.

பரிசாக வந்த ஹெலிகாப்டர்

சீனாவில் ஹாங்சோ என்ற ஊரில் 1980-ல் ஒரு பையன் பிறந்தான். பெயர் வாங் டாவ். ‘பிராங்க் வாங்’ என்றால்தான் உலகத்துக்குத் தெரியும். சிறு வயதிலேயே அவனுக்கு ஹெலிகாப்டர் பைத்தியம். 16 வயதில் பரீட்சையில் நல்ல மார்க்கு வாங்கினான். பெற்றோர்கள் மகிழ்ந்து, ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளிலேயே அது கீழே விழுந்து நொறுங்கியது! மாற்றுச் சாமான் ஹாங்காங்கில் இருந்து வர மாதக்கணக்கில் ஆயிற்று.

“கையை எடுத்தாலும் விழாமல், வானத்தில் அப்படியே நிற்கிற ஹெலிகாப்டர் ஒன்று செய்தால் என்ன?” இந்த எண்ணம் அவனை விடவில்லை. ஹாங்காங்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அதையே செய்து காட்ட முற்பட்டான். வகுப்பில் காட்டவேண்டிய நாளுக்கு முதல் நாள் இரவு, அசையாமல் நிற்கவைக்கும் பகுதி வேலை செய்யவில்லை. பையன் சோர்ந்து போகவில்லை. 2006-ல் சீனாவில் ஷென்சென் நகரில் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினான். அதுதான் டி.ஜே.ஐ.

2013 ஜனவரியில் அந்தக் கம்பெனி ‘பாண்டம்’ என்ற வெள்ளை நிற எந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெட்டியைப் பிரித்து, விசிறிகளை மாட்டினால் பறக்கும். அதுவரை டிரோன் வேண்டும் என்றால், பெரும்பாலும் பாகம் பாகமாக வாங்கிப் பற்ற வைத்துப் பூட்டவேண்டும். முதல் பாண்டத்தில் காமிரா கிடையாது. தனியே ஒரு சின்னக் காமிராவை வாங்கித் தொங்கவிட வேண்டும். 15 நிமிஷம் பறந்தால் பெரிது. ஆனாலும் ஜனங்கள் மொய்த்தார்கள்.

பிறகு வருஷத்துக்கு வருஷம் எந்திரம் சிறுத்தது. 2016-ல் குடை மாதிரி மடக்கிப் பையில் வைக்கும் ‘மேவிக்’ வந்தது. 2019-ல் ‘மேவிக் மினி’ வந்தது. அதன் எடை 249 கிராம்! அது என்ன கணக்கு, 250 இல்லாமல் 249? பல நாடுகளில் சட்டம் 250 கிராமில் இருந்துதான் கெடுபிடி செய்கிறது. ஒரு கிராமில் தப்பித்துக்கொள்ளும் தந்திரம் அது.

வலம்புரி இரண்டு, இடம்புரி இரண்டு

டிரோன் எப்படிப் பறக்கிறது?

நாலு மூலையில் நாலு மோட்டார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு விசிறி. நாலும் ஒரே பக்கமாகச் சுற்றினால் என்ன ஆகும்? உடம்பு எதிர்ப்பக்கமாகப் பம்பரம் போலச் சுழலும். ஆகவே இரண்டு விசிறி வலப்பக்கமாகவும், இரண்டு விசிறி இடப்பக்கமாகவும் சுற்றுகின்றன. ஒன்றின் முறுக்கை இன்னொன்று சரிக்கட்டிவிடுகிறது.

பின் விசிறிகள் இரண்டும் வேகமாகச் சுற்றினால் பின்பக்கம் தூக்கும். உடனே எந்திரம் முன்னே சாய்ந்து முன்னே ஓடும். இடப்பக்கம் வேகம் கூடினால் வலப்பக்கம் போகும். இவ்வளவுதான் வித்தை.

இது புதிய யோசனையும் அல்ல. புறாக் காமிராவுக்கு உரிமை கேட்ட அதே 1907-ல், பிரான்ஸ் நாட்டில் நாலு மூலையில் விசிறி கட்டிய எந்திரம் ஒன்று ஆளோடு எழும்பியது. எவ்வளவு உயரம்? 2 அடி! கவிழ்ந்துவிடாமல் நாலு மூலையிலும் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நாலு பேர் செய்த வேலையை இன்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் செய்கிறது. சாய்வைக் காட்டும் கருவி, உயரம் சொல்லும் காற்றழுத்தக் கருவி, திசைகாட்டி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. சுமார் 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் “நீ இருக்கும் இடம் இது” என்று கண்டுகொள்ள உதவுகின்றன. ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, எந்த மோட்டாருக்கு எவ்வளவு வேகம் என்று கட்டளை இடுகிறது. மனிதக் கையால் முடியுமா?

காமிரா ஆடாமல் இருக்க ஒரு தொட்டில் இருக்கிறது. கிம்பல் என்று அதற்குப் பெயர். எந்திரம் எப்படிச் சாய்ந்தாலும் காமிரா சாயாது. கோழியைக் கையில் பிடித்து உடம்பை அசைத்துப் பாருங்கள். தலை மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். அதே மாதிரிதான்.

வெள்ளை மாளிகையில் விழுந்தது

இவ்வளவு மூளை இருந்தும் எந்திரம் தொலைந்துபோவது ஏன்? பெரும்பாலும், விடுகிற ஆளுக்கு மூளை வேலை செய்யாததால்தான்!

2015-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி. அமெரிக்காவின் தலைநகரம் வாஷிங்டன். அதிகாலை 3 மணி. அரசாங்க ஊழியர் ஒருவர் குடித்திருந்தார். அந்த நேரத்தில் அவருக்கு பாண்டம் விட்டுப் பார்க்க ஆசை வந்தது. மாடி வீட்டில் இருந்து விட்டார். அது கைக்கு அடங்காமல் இருட்டில் எங்கோ போய்விட்டது. “சரி, தொலைந்தது” என்று படுத்துத் தூங்கிவிட்டார்.

பொழுது விடிந்தது. செய்தியில் ஒரே பரபரப்பு. ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் மர்ம எந்திரம்! அது தம்முடையதுதான் என்று அவருக்குப் புரிந்தது. தாமாகவே போய் ஒப்புக்கொண்டார். வழக்குப் போடவில்லை. ஆனால் அதன் பிறகு, அந்த நகரத்தில் தன் எந்திரங்கள் கிளம்பாதபடி கம்பெனியே பூட்டுப் போட்டது.

ஆள்மீது மட்டும் பழி போடக்கூடாது. எந்திரமும் ஏமாற்றும். 2016 அக்டோபரில் ‘கோபுரோ’ என்ற பெயர் பெற்ற காமிராக் கம்பெனி ‘கர்மா’ என்ற டிரோனை விற்றது. பறந்துகொண்டிருக்கும்போதே சில எந்திரங்களில் மின்சாரம் நின்றது. செத்த காக்கை மாதிரி விழுந்தன. விற்பனை தொடங்கிய 16-ம் நாள், விற்ற சுமார் 2,500 எந்திரங்களையும் கம்பெனி திரும்பக் கேட்டது. காரணம் என்ன? பாட்டரியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி சரியாக மாட்டவில்லை! பிறகு கோளாறைத் திருத்தி மறுபடி விற்றார்கள். ஆனால் 2018-ல் அந்தக் கம்பெனி டிரோன் தொழிலையே விட்டுவிட்டது.

கொக்கி என்றால் அற்ப விஷயம்தானே? கிளப்புவதற்கு முன்பு பாட்டரியை ஒருமுறை அழுத்திப் பார்த்து, ‘டிக்’ என்று சத்தம் கேட்டதா என்று கவனிக்க அரை விநாடி போதும்.

விசிறியையும் விளையாட்டாக நினைக்கவேண்டாம். 2015-ல் மெக்சிகோ நாட்டில் பாட்டுக் கச்சேரி. பிரபல பாடகர் என்ரிக் இக்லேசியாஸ் மேடையில் பாடிக்கொண்டே, தலைக்கு மேலே பறந்த டிரோனைக் கையால் பிடிக்கப்போனார். விரல்களை வெட்டிவிட்டது. சட்டையெல்லாம் ரத்தம். குழந்தை இருக்கும் வீட்டில் இது நினைவிருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

2018 டிசம்பரில், கிறிஸ்துமசுக்குச் சில நாள் இருக்கும்போது, லண்டன் நகருக்குப் பக்கத்தில் உள்ள காட்விக் விமான நிலையத்தில் டிரோன் தெரிகிறது என்று கூச்சல். சுமார் ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன. 1 லட்சத்து 40 ஆயிரம் பிரயாணிகள் தவித்தார்கள். விட்டவர் யார் என்று கடைசிவரை பிடிபடவில்லை. இந்த மாதிரி ஆபத்துக்காகத்தான் பல நாடுகளில் சட்டம்.

இந்தியாவில் 2021 ஆகஸ்டு 25-ந் தேதி ‘டிரோன் விதிகள்’ வந்தன. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை அனுமதி கேட்கவேண்டாம். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால் ஒழியப் பறக்கக்கூடாது. எந்த இடம் என்ன நிறம் என்பதை ‘டிஜிட்டல் ஸ்கை’ என்ற அரசாங்க வரைபடத்தில் செல்போனிலேயே பார்க்கலாம்.

விமான நிலையத்தைச் சுற்றி 12 கிலோ மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. சென்னையில் மீனம்பாக்கம் விமான நிலையம் ஒரு பக்கம். தாம்பரம் விமானப்படை நிலையம் இன்னொரு பக்கம். நடுவே குடியிருப்பவர்கள் எந்திரத்தை ஊருக்கு வெளியே, பச்சை நிறப் பகுதிக்கு எடுத்துப் போய் விடுவதே நல்லது.

2 கிலோ எடை வரை உள்ள டிரோனைச் சொந்த ஆசைக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. காசுக்குக் கலியாணப் படம் எடுப்பது என்றால், 250 கிராமுக்கு மேற்பட்ட எந்திரத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அதைப் பெற 18 வயது நிறைந்து, பத்தாவது தேறியிருக்க வேண்டும். 250 கிராமைத் தாண்டிய எந்திரத்துக்குப் பதிவு எண்ணும், பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு இன்ஷூரன்சும் தேவை. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட விதியில் இடம் இருக்கிறது.

இன்னொன்று. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்ய இந்திய அரசாங்கம் தடை போட்டது. “மாமா துபாயில் இருந்து வருகிறார், சிங்கப்பூரில் இருந்து மச்சான் வருகிறார்” என்று ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டால், சுங்கத்தில் அவர்தான் விழிப்பார். உள்நாட்டில் செய்ததைப் பதிவு எண்ணோடு வாங்குவதே நிம்மதி.

உள்நாட்டு மூளைக்கும் குறைவில்லை. 2018-ல் ஆஸ்திரேலியாவில், மருத்துவ உதவிக்காக ஆளில்லா விமானம் விடும் போட்டி ஒன்று நடந்தது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ குழு அதில் இரண்டாம் இடம் பெற்றது. அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார்.

இந்த விதிகள் ஒருபுறம் இருக்க, இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டு மாடியில் பெண்கள் துணி உலர்த்துவார்கள். குளத்தில் குளிப்பார்கள். தலைக்கு மேலே காமிரா வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? கல் பறந்து வந்தால், எந்திரத்தின் மீது குற்றம் சொல்ல முடியாது.

மொட்டை மாடி வேண்டாம்

சரி, எந்திரம் வந்துவிட்டது. அப்பா பெட்டியைப் பிரிக்கிறார். பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. “மாடிக்குப் போய் விடலாம்பா!” என்கிறார்கள்.

மாடிதான் முதல் தப்பு.

கான்கிரீட் தளத்துக்குள்ளே என்ன இருக்கிறது? இரும்புக் கம்பி. டிரோனுக்குள்ளே என்ன இருக்கிறது? திசைகாட்டி. பள்ளிக்கூடத்தில் காந்த ஊசிக்குப் பக்கத்தில் ஆணியைக் கொண்டுபோனால் ஊசி திரும்புமே, அதே கதைதான் இங்கும். வடக்கு எது என்று எந்திரத்துக்குக் குழம்பிவிடும். மேலே போனதும் செக்கு மாடு மாதிரி வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் சுவரில் மோதும். கார் மூடியின் மேலே வைத்துக் கிளப்புவதும் இப்படியே.

வெட்ட வெளி வேண்டும். அறுவடை முடிந்த வயலோ, ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய மைதானமோ நல்லது. காலை 7 மணி நல்ல நேரம். காற்று அடங்கி இருக்கும். வெயிலும் ஏறி இருக்காது. 40 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் பறக்கவிட வேண்டாம் என்று பல கம்பெனிகள் எழுதி இருக்கின்றன. அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் உச்சி வெயிலுக்கு என்ன சூடு என்று சொல்லவேண்டியது இல்லை. பாட்டரியைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகவும் கூடாது. வயிறு உப்பிய பாட்டரியை மறுபடி மாட்டவே கூடாது. அது தீப்பிடிக்கும்.

வீடு எது?

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

பாட்டரியை மாட்டி, எந்திரத்தைத் தரையில் வைத்ததும், அது வானத்தில் செயற்கைக் கோள்களைத் தேடும். 4 கோளாவது கிடைத்தால்தான் இடம் தெரியும். இன்னும் பல கிடைத்தால்தான் நம்பலாம். அப்போது “புறப்படும் இடம் பதிவாகிவிட்டது” என்று செல்போன் திரையில் சொல்லும். அந்த இடம்தான் எந்திரத்துக்கு வீடு.

அது சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் ஆகலாம், இரண்டு நிமிஷம் ஆகலாம். பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். அவசரப்பட்டுக் கிளப்பினால், போகிற வழியில் எங்கே இடம் பிடிபடுகிறதோ, அதையே வீடு என்று எழுதிக்கொள்ளும். அது குளமாகவும் இருக்கலாம், முள் வேலியாகவும் இருக்கலாம்.

படகில் இருந்து விடுகிறவர்களின் கதி இதைவிட மோசம். டிரோன் மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். படகு நகர்ந்துவிடும். பாட்டரி குறைந்ததும் எந்திரம் சமர்த்தாகத் திரும்பி வரும். எங்கே? படகு முதலில் நின்ற இடத்துக்கு! அங்கே இருப்பது கடல்.

திரும்பும் உயரத்தையும் பார்க்கவேண்டும். திரும்பு என்று சொன்னதும் டிரோன் குறித்த உயரத்துக்கு ஏறி, பிறகு நேர்கோட்டில் வரும். பல எந்திரங்களில் அந்த உயரம் 30 மீட்டர், அதாவது சுமார் 100 அடி என்று வைத்தே விற்கிறார்கள். தென்னை மரத்துக்கு அது போதும். செல்போன் கோபுரம்? 130 அடிக்கும் மேல் நிற்கும். போகும்போது கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். வரும்போது அது நினைவிருக்குமா? முன்னால் பார்க்கும் கண் இல்லாத சின்ன எந்திரங்கள் நேரே போய் மோதும். ஆகவே சுற்றி இருப்பதில் எது உயரமோ, அதைவிட உயரமாக வைக்கவேண்டும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. எந்திரம் காட்டும் உயரம், கிளம்பிய இடத்தில் இருந்து கணக்கிட்டது. கொடைக்கானலில் சரிவுக்குக் கீழே நின்று விட்டால், “100 அடியில் இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே மேட்டில் முட்டும்.

முதல் பறப்பு

பிள்ளைகள் பத்தடி பின்னால் நிற்கட்டும். எந்திரம் கிளம்பட்டும். ஆள் உயரத்துக்கு மேலே வேண்டாம். கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா பார்க்கவேண்டும். நின்ற இடத்தில் நின்றால் நல்லது. வட்டம் சுற்றினால் உடனே இறக்கிவிட வேண்டும்.

பிறகு முன்னே, பின்னே, வலது, இடது. எந்திரத்தின் முதுகு நம்மைப் பார்க்கும் வரை சுலபம். அதன் முகத்தை நம் பக்கம் திருப்பியதும் எல்லாம் தலைகீழ்! வலது என்று தள்ளினால் இடப்பக்கம் போகும். புதிதாக விடுகிறவர்கள் மரத்தில் சொருகுவது இந்த இடத்தில்தான். நாலைந்து நாள் பழகினால் கை தானாகப் போகும்.

காற்றுக் கணக்கு

பெட்டியின் மேலே “30 நிமிஷம் பறக்கும்” என்று போட்டிருக்கும். பொய் அல்ல. காற்று இல்லாத இடத்தில், ஒரே சீரான வேகத்தில், பாட்டரி அடியோடு தீரும் வரை பறந்த கணக்கு அது. நம்முடைய ஊரில் 20 நிமிஷம் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பாட்டரியில் கால் பங்கை வழிச் செலவுக்கு முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அதிலும் காற்று ஒரு பொல்லாத ஆசாமி.

டிரோனின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர். காற்றின் வேகம் 6 மீட்டர். 960 மீட்டர் போய்த் திரும்பவேண்டும். காற்றோடு போனால் காற்றும் தள்ளிவிடும். 16 மீட்டர் வேகம். ஒரே நிமிஷத்தில் போய்விடும். “அடேயப்பா, என்ன வேகம்!” என்று மகிழ்ச்சியாக இருக்கும். திரும்பும்போது? காற்று எதிர்த்து நிற்கும். 10-ல் 6 போனால் 4 மீட்டர் வேகம்தான். 4 நிமிஷம் ஆகும்! போகும்போது செலவான பாட்டரியைப் பார்த்துக் கணக்குப் போட்டவர் நடுவழியில் நிற்பார். ஆடி மாதத்தில் அம்மி பறக்கிற காற்றில், முழு வேகத்தில் எதிர்த்து வந்தும் எந்திரம் பின்னாலேயே போவதுண்டு.

ஆகவே கிளம்பும்போது காற்றை எதிர்த்துப் போகவேண்டும். களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும்.

ரிமோட்டை அணையுங்கள்!

பல பேர் செய்யாத பரீட்சை ஒன்று உண்டு. செய்ய மனம் வராது. வயிற்றைக் கலக்கும்.

முதலில் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டும். “தொடர்பு அறுந்தால் என்ன செய்வது?” என்று ஒரு கேள்வி இருக்கும். அப்படியே நிற்கலாம். இருந்த இடத்தில் இறங்கலாம். வீடு திரும்பலாம். மூன்றில் எது என்று சொல்லி வைக்கவேண்டும். ‘வீடு திரும்பு’ என்று இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாட்டரி முக்கால் பங்குக்கு மேல் இருக்கும்போது, எந்திரத்தை 200 அடி தூரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். மிகவும் கிட்டத்தில் வேண்டாம். கிட்டத்தில் இருந்தால் சில எந்திரங்கள் உயர ஏறாமலே வந்துவிடும், அல்லது நின்ற இடத்திலேயே இறங்கிவிடும். 40 அடி உயரம் போதும். கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும்.

இப்போது ரிமோட்டை அணையுங்கள்.

செல்போன் திரையில் படம் நின்றுவிடும். கையில் இருப்பது வெறும் டப்பா. அங்கே வானத்தில் ஒரு சின்னப் புள்ளி. வாங்கிய காசு முழுவதும் அந்தப் புள்ளியில் தொங்குகிறது. அப்பா பேசமாட்டார். “போச்சாப்பா?” என்று சின்னவன் கேட்பான்.

சில விநாடி அது அசையாது. கூப்பிடுகிற குரல் மறுபடி கேட்குமா என்று காத்திருக்கும். பிறகு சத்தம் மாறும். நேரே மேலே ஏறும். வைத்த உயரம் வந்ததும் நிற்கும். மெதுவாக முகத்தைத் திருப்பும். பிறகு நேராக வர ஆரம்பிக்கும். யாரும் ஓட்டவில்லை. தலைக்கு மேலே வந்து நின்று, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கிளம்பிய இடத்துக்குச் சில அடி தள்ளி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு உட்காரும்.

வராமல் வேறு பக்கம் போனால்? ரிமோட்டை உடனே மறுபடி போட்டு, கையால் ஓட்டி இறக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வைத்துப் பரீட்சை செய்வது இதற்காகத்தான். அந்த எந்திரத்தைக் கடைக்குத் திருப்பி எடுத்துப் போகவேண்டும். ஒழுங்காக வந்துவிட்டால், ஏரியின் மேலே அனுப்பலாம், தோப்புக்கு அப்பால் அனுப்பலாம், பாட்டிக்குப் பிறந்த ஊரை மேலே இருந்து காட்டலாம்.

விசிறி நான்கும் நிற்கும் வரை பிள்ளைகள் ஓடி வரக்கூடாது. நின்ற பிறகு பாட்டரியைக் கழற்றுங்கள். கை பொறுக்காத சூடாக இருக்கும். அந்தச் சூடு ஆறின பிறகுதான் சார்ஜ் போடவேண்டும்.